மண்டபத்தில் கையில் 3,000 ரூபாய்: காப்பி அரைக்கும் கருவி வாங்கலாமா?

கேள்வி – மண்டபம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் காப்பி குடிப்பவர்கள் நானும் என் கணவரும் மட்டுமே. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மாமியார் பரமக்குடியிலிருந்து வந்து தங்கும் நாட்களில் நடுப்பகலுக்கும் ஒரு முறை பால் அடுப்பில் ஏறும். இத்தனை காலமும் மளிகைக் கடையில் கிடைக்கும் பொட்டலத் தூளையே பயன்படுத்தி வந்தோம். அண்மையில் உறவினர் ஒருவர் மதுரையிலிருந்து வறுத்த காப்பிக் கொட்டை கால் கிலோ வாங்கி வந்து கொடுத்தார். மிக்ஸியில் அரைத்தபோது வீடு முழுவதும் மணந்தது. ஆனால் ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால், ஒரு நாள் ஐந்தே நிமிடத்தில் சாயத் தண்ணீரைப் போல இறங்கிவிடுகிறது. மறுநாள் ஒரு மணி நேரமானாலும் சொட்ட மறுக்கிறது.

இதற்காக 3,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். கையால் சுற்றி அரைக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கினால் அந்தப் பணத்துக்குப் பயன் இருக்குமா, அல்லது மிக்ஸியிலேயே சமாளித்துக்கொள்ளலாமா? காவிரிக் குடிநீர் வரும் நாட்களில் காப்பி ஒரு விதமாகவும், கேன் தண்ணீர் பிடிக்கும் நாட்களில் வேறு விதமாகவும் இருப்பதாக என் கணவர் சொல்கிறார். இது உண்மையாக இருக்குமா, அல்லது என் கைப்பக்குவத்தைச் சொல்லாமல் சொல்கிறாரா என்றும் தெரியவில்லை. மேலும், கடற்காற்றில் தூள் இரண்டு மூன்று நாட்களிலேயே கட்டி தட்டிப்போகிறது. மாமியார் கொடுத்த பழைய பித்தளை ஃபில்டர் ஒன்றும் பரணில் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பதில் – பாம்பன் தீவுக்காரர்

கருவியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், சகோதரி. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நம் கரையில் காப்பி முதலில் கெடுவது அங்கேதான். உங்கள் கணவர் சொல்வது முற்றிலும் உண்மை. உங்கள் கைப்பக்குவத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

குடிநீரில் கரைந்திருக்கும் உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2,000 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. அது குடிப்பதற்கான வரம்பு. காப்பிக்கு அந்த அளவு மிக அதிகம். காப்பித் தொழிலில் இருப்பவர்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவை ஒட்டிய நீரையே நல்லதாகக் கருதுகிறார்கள். அதற்கு மேல் போகப் போக, குறிப்பாகச் சுண்ணாம்புச் சத்துள்ள கார்பனேட் உப்புக்கள் மிகும்போது, அவை கொட்டையில் உள்ள இனிய புளிப்பை ஈர்த்துச் சமன் செய்துவிடுகின்றன. காப்பி மந்தமாகவும் மண்சுவையுடனும் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிகிறது என்றால் உங்கள் வீட்டுக்கு வருவது அத்தகைய நீர் என்று வைத்துக்கொள்ளலாம். நீரை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் இறுத்து எடுத்து மறுபடி சுடவைத்தால் அந்தக் கடினத்தன்மையில் ஒரு பகுதி நீங்கும். உப்புக்கரிப்புக்கு மட்டும் இந்த வழி உதவாது. கொதித்து நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சிய நீரில் கரிப்பு கூடத்தான் செய்யும்.

கேன் தண்ணீரில் குறை எதிர்ப்பக்கம் இருக்கிறது. எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த நீரில் உப்புக்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விடுவதால் காப்பியின் புளிப்பு துருத்திக்கொண்டு, கனமில்லாத சுவையாகத் தெரியும். ஆகவே இரண்டையும் கலப்பதே மலிவான தீர்வு. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா வடிவ மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கேன் நீர் 40 என்றும், குழாய் நீர் 500 என்றும் காட்டுவதாக வைத்துக்கொண்டால், மூன்று பங்கு கேன் நீருக்கு ஒரு பங்கு குழாய் நீர் சேர்க்கும்போது ஏறத்தாழ 155 வந்துவிடும். வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; மீட்டர் காட்டும் எண் என்னவாக இருந்தாலும், கடலோரத்தில் அதில் பெரும்பகுதி சமையல் உப்புதான், காப்பிக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் அல்ல. எங்கள் தீவில் மணல்மேட்டுக் கிணறுகள் சிலவற்றில் மழைநீர் உப்பு நீரின் மேல் தங்கி நிற்பதால் மேலாக இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் கரிப்பு மேலேறிவிடும். அப்படியொரு கிணறு அண்டை வீட்டில் இருந்தால் ஒரு குடம் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.


பதில் – ராமநாதபுரம், காப்பித்தூள் கடையில் பணியாற்றியவன்

அம்மா, கருவி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நெடுங்காலம் காப்பித்தூள் கடையில் வறுத்து அரைத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடைக்காரன் கடைக்காகப் பேசுகிறான் என்று நினைத்தாலும் குற்றமில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 10 கிராம் தூள் போதும். இருவருக்கு இரு வேளை என்றால் நாளொன்றுக்கு 40 கிராம், வாரத்திற்கு 280 கிராம். கடையில் எந்த விலையாக இருந்தாலும், ஒரு வேளைக் காப்பியின் தூள் செலவு கிலோ விலையில் நூற்றில் ஒரு பங்குதான். வாரம் ஒரு முறை நகருக்கு வந்து கால் கிலோவுக்குச் சற்று மேலாக, கண்ணெதிரே அரைத்து வாங்கிப் போனால் தூள் பழையதாவதற்குள் தீர்ந்துவிடும். 3,000 ரூபாயைக் கருவியில் போடுவதை விட நல்ல கொட்டையில் போடுங்கள்.

எந்தக் கொட்டை என்பதுதான் பலருக்குக் குழப்பம். நம் நாட்டு வழக்கில் 'பிளாண்டேஷன்' என்றால் பழத்தோலை நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிகா. 'செர்ரி' என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்தி, பிறகு தோலுரித்தது. அராபிகா உயர்ந்த மலைச்சரிவுகளில் விளைவது; தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு ஆகிய ஊர்களின் பெயரைக் கொட்டை விற்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரொபஸ்டா தாழ்ந்த சரிவுகளிலும் விளையும், விலை குறைவு, கசப்பும் காஃபீனும் அதிகம். எடையில் அராபிகாவில் ஒன்றேகால் விழுக்காட்டை ஒட்டியிருக்கும் காஃபீன் ரொபஸ்டாவில் இரண்டு விழுக்காட்டைத் தாண்டும். பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு ரொபஸ்டா ஒரு பங்காவது இருப்பது நல்லது; தனி அராபிகா டிகாஷன் பாலில் மங்கிப்போகும். பிளாண்டேஷன் இரண்டு பங்கு, ரொபஸ்டா ஒரு பங்கு என்று கேளுங்கள். 'பீபெரி' என்பது ஒரு பழத்தில் இரண்டு தட்டை விதைகளுக்குப் பதிலாக ஒரே உருண்டை விதையாக விளைந்தது. சீராக வறுபடும் என்பதற்காக அதற்குத் தனி விலை உண்டு; சிக்கனமாகப் போக நினைக்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

சிக்கரியை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் பொட்டலம் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட விழுக்காட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். கலவைத் தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருந்தால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதால், 49 விழுக்காடு சிக்கரி உள்ள பொட்டலமும் சட்டப்படி சரியான பொட்டலமே. சிக்கரி காப்பிக் கொட்டையே அல்ல, ஒரு செடியின் கிழங்கை உலர்த்தி வறுத்தது. காஃபீன் அறவே இல்லை. வெந்நீரில் காப்பியை விட மிகுதியாகக் கரைவதால் கறுப்பும் கெட்டியும் எளிதில் வந்துவிடும், அதனாலேயே மலிவான தூள் பார்வைக்கு 'திக்காக' இருக்கிறது. வறுத்த கிழங்கில் சர்க்கரைப் பொருள் மிகுதியாதலால் காற்றின் ஈரத்தை அதுதான் முதலில் இழுக்கும். உங்கள் பொட்டலத் தூள் கட்டி தட்டியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பத்து விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது தனியாக வாங்கி வைத்துக்கொண்டு ஃபில்டரில் போடும்போது ஒரு சிட்டிகை சேருங்கள்.

கடையில் அரைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு முன் வந்தவர் சிக்கரி கலந்து அரைத்திருந்தால் அரவையின் பற்களில் தங்கிய தூள் உங்கள் பங்கின் முதல் பிடியில் வந்து சேரும். முதலில் விழும் கொஞ்சத்தைத் தள்ளிவிடச் சொல்லுங்கள், முகம் சுளிக்கும் கடைக்காரரும் செய்து கொடுப்பார். தூள் சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறையில் அடைத்து ஒட்டவிடாதீர்கள், உள்ளேயே வியர்த்துவிடும்.


பதில் – கீழக்கரை, கைராட்டை

கடைக்காரர் ஐயா சொன்ன கொட்டைக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். கருவி வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. மண்டபத்திலிருந்து வாரந்தோறும் ராமநாதபுரத்துக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணத்தையும் அரை நாளையும் கணக்கில் சேர்த்தால், ஒரு நல்ல கைஅரவைக் கருவியின் விலை சில மாதங்களிலேயே ஈடாகிவிடும். அதைவிட முக்கியமானது, அரைத்த தூள் முழுக் கொட்டையைப் போலத் தன் மணத்தைக் காத்துக்கொள்வதில்லை. வறுக்கும்போது கொட்டைக்குள் சிறைப்பட்ட கரியமில வாயு அரைத்த சில மணி நேரத்திலேயே பெருமளவு வெளியேறுகிறது, மணப்பொருள்களும் அதனுடன் போகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கரையில் காற்றே நனைந்திருக்கும்போது தூளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. முழுக் கொட்டை காற்றுப்புகாத பாத்திரத்தில் மூன்று நான்கு வாரம் நன்றாகவே இருக்கும்.

ஒரு நாள் ஓடி, ஒரு நாள் அடைக்கிறதே என்ற உங்கள் கேள்விக்கு விடை மிக்ஸியின் அலகில் இருக்கிறது. அலகு கொட்டையை அரைப்பதில்லை, அகப்பட்டதை அகப்பட்ட இடத்தில் வெட்டுகிறது. ஆகவே ஒரே தூளில் குறுநொய்யும் மாவும் சேர்ந்திருக்கும். நொய் மிகுந்த நாளில் நீர் நிற்காமல் ஓடுகிறது, மாவு மிகுந்த நாளில் அது துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. கூம்பு வடிவப் பற்கள் உள்ள கருவியில் இரு பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கடக்கும் அளவுக்குச் சிறுத்த பிறகே துகள் கீழே விழும் என்பதால் தூள் பெரும்பாலும் ஒரே பருமனில் அமையும். உங்கள் தொகைக்குள் அத்தகைய கைக்கருவி கிடைக்கும். பீங்கான் பல் துருப்பிடிக்காது, ஆனால் கொட்டையோடு சிறு கல் ஒன்று வந்துவிட்டால் விளிம்பு உடையும். எஃகுப் பல் கூர்மையாக அரைக்கும், ஆனால் நம் உப்புக்காற்றில் ஈரம் பட்டால் துருவேறும். நான் எஃகையே பரிந்துரைப்பேன், தண்ணீர் விட்டுக் கழுவாமல் தூரிகையால் துடைத்து மட்டுமே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 'மின் காப்பி அரவை' என்று மலிவாக விற்கப்படும் சிறு கருவிகளில் பலவற்றுக்குள் இருப்பது மிக்ஸியின் அலகேதான். திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

கருவி வந்து சேரும் வரை மிக்ஸியிலேயே ஓரளவு தேறலாம். சட்னி ஜாரில் பாதிக்கு மேல் கொட்டையை நிரப்பாமல், இரண்டு மூன்று நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடேறி மணம் அப்போதே போய்விடும். பிறகு மாவுச் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் நொய்யை மட்டும் மறுபடி அரையுங்கள். மிளகாய், மல்லி அரைத்த ஜாராக இருந்தால் ஒரு பிடி பச்சரிசியை முதலில் ஓட்டிக் கொட்டிவிடுவது நல்லது.

வடிக்கும் முறையில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, ஆனால் அளவு வேண்டும். 20 கிராம் தூளுக்கு 120 மில்லி வெந்நீர். தூள் தன் எடையைப் போல இரு மடங்கு நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதால் 80 மில்லி அளவுக்கு டிகாஷன் இறங்கும். ஆளுக்கு 40 மில்லி டிகாஷனுக்கு 100 மில்லி பால் சரியாக இருக்கும். தூளைத் தொட்டால் கோலமாவை விடச் சற்று நுண்மையாகவும், கோதுமை மாவைப் போல விரலில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். மேல்பாத்திரத்தில் தூளைப் போட்டு ஒரு தட்டு தட்டிச் சமன்படுத்தி, நடுவில் காம்புள்ள துளைத் தட்டை அதன் மேல் மெல்ல வையுங்கள். அழுத்தித் திணிக்கக் கூடாது. கொதித்த நீரை இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மீண்டும் அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். புதுக் கொட்டையாக இருந்தால் முதல் நீரில் தூள் உப்பி நுரைக்கும். நுரைக்காவிட்டால் உங்கள் தூள் பழையது என்று பொருள். பதினைந்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் வடிந்து முடிந்தால் அரவை சரி. முன்னதாகவே முடிந்தால் கருவியின் பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை ஒரு படி நெருக்குங்கள், இழுத்துக்கொண்டே போனால் ஒரு படி தளர்த்துங்கள். நீர் முற்றிலும் நின்றுபோனால், தூளைக் குறை சொல்வதற்கு முன் மேல்பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வையுங்கள். கீழ்ப்பாத்திரத்தோடு அது இறுகப் பொருந்திவிட்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றிச் சொட்டுவது நின்றுவிடும்.

குளிர்ப்பெட்டியில் தூளை வைத்து அன்றாடம் எடுத்து எடுத்து வைப்பதை நிறுத்திவிடுங்கள்; குளிர்ந்த தூளின் மேல் நம் ஊர்க் காற்று பட்டவுடன் நீர் கோக்கும். மிகுதியாகக் கொட்டை வாங்கினால் வாரத்திற்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து, காற்றுப்புகாமல் கட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்த பொட்டலம் அறைச்சூட்டுக்கு வரும் வரை பிரிக்காதீர்கள்.


மறுமொழி – மண்டபம் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. கைக்கருவி வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். கடைக்கார ஐயா வருத்தப்பட வேண்டாம், கொட்டையை ராமநாதபுரத்தில்தான் வாங்குவேன், ஆனால் மாதம் ஒரு முறை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பித்தளை ஃபில்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாமியார் சர்க்கரை சேர்ப்பதில்லை, கருப்பட்டிதான் வேண்டும் என்பார்கள். பாலோடு கருப்பட்டியைப் போட்டுக் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது. கருப்பட்டிக் காப்பியைப் பாலோடு போடும் வழி உண்டா?


பதில் – சாயல்குடிப் பக்கம்

உண்டு. கருப்பட்டியைப் பாலில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது, அவ்வளவுதான். தட்டிய கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்துச் சுடவைத்து, துணியில் வடிகட்டுங்கள். எங்கள் பக்கத்துக் கருப்பட்டியில் மணலும் சுண்ணாம்புத் துகளும் இருப்பது இயல்பு. பாலைத் தனியாகக் காய்ச்சி இறக்கி, டபராவில் டிகாஷனோடு கலந்து, பொங்கும் சூடு தணிந்த பிறகு கருப்பட்டிப் பாகை ஊற்றி ஆற்றுங்கள். பழைய கருப்பட்டி புளிப்பேறியிருந்தால் அப்போதும் திரியலாம்; அத்தகையதைக் கடுங்காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கருப்பட்டிக்காக விலை கூடிய அராபிகாவை வீணாக்க வேண்டாம். அதன் மெல்லிய மணம் கருப்பட்டியின் முன் நிற்காது. ரொபஸ்டா கூடுதலாகச் சேர்த்த தூளே போதும்.

பாலைப் பொறுத்தவரை, ஆவின் நீலப் பொட்டலத்தில் கொழுப்பு 3 விழுக்காடு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பச்சையைத் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சினால் காப்பிக்குப் போதுமானது.


பதில் – ராமநாதபுரம், காப்பித்தூள் கடையில் பணியாற்றியவன்

வருத்தம் ஒன்றுமில்லை அம்மா, மாதம் ஒரு முறையாவது வருகிறீர்களே. பித்தளை ஃபில்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உட்புறம் வெள்ளையாக ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் அப்படியே பயன்படுத்தக் கூடாது. காப்பி புளிப்புத் தன்மையுடையது, வெறும் பித்தளையில் அரை மணி நேரம் நின்றால் செம்பு இறங்கும், உப்புக்காற்றில் பச்சைக் களிம்பும் விரைவில் பிடிக்கும். ஈயம் பூசத் தெரிந்தவர் கிடைத்தால் பூசிக்கொள்ளலாம், சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளை சூட்டைச் சற்று நேரம் கூடுதலாகத் தாங்கும் என்பதைத் தவிர அதில் தனிச்சுவை ஏதும் கிடையாது. எவர்சில்வர் ஃபில்டரை ஊற்றுவதற்கு முன் ஒரு முறை வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொண்டால் அந்த வேறுபாடும் போய்விடும்.

எவர்சில்வர் ஃபில்டரில் துளைகள் நாளடைவில் அடைத்துக்கொண்டால், மேல்பாத்திரத்தின் அடியை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் சற்று நேரம் காட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து துளைகள் திறக்கும், ஆறிய பிறகு துலக்கிக்கொள்ளலாம். ஈயம் பூசிய பித்தளையை மட்டும் ஒருபோதும் இப்படித் தீயில் காட்டிவிடாதீர்கள், ஈயம் உருகிவிடும்.